குற்றத்தை ஒப்புக்கொண்டபின் மேல்முறையீடு உண்டா?

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

அல்லாஹ்வைப் புகழ்ந்து, அவனுடைய தூதர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்துச் சொல்லி என் உரையைத் தொடங்குகிறேன்.

வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டபின், சட்டம் தொடர்பாக ஏதேனும் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். வக்ஃபு சொத்துகளைப் பற்றியோ, பாகப்பிரிவினையைப் பற்றியோ பேசுவேன் என்று உங்களில் பலர் எதிர்பார்த்திருக்கக் கூடும். அவை பற்றிப் பேச வேறு சந்தர்ப்பங்கள் வரும், இன்ஷா அல்லாஹ். நான் இன்று எடுத்துக்கொண்டிருப்பது, நம் ஜமாஅத் அலுவலகங்களில் நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் ஓர் அறிவுரையைப் பற்றியது. ஊரில் ஒரு பையன் மீது வழக்குப் பதிவாகிவிட்டால், அவனுடைய தந்தை முதலில் வழக்கறிஞரிடம் போவதில்லை. ஜமாஅத் பெரியவர்களிடம்தான் வருகிறார். இரண்டு மூன்று வாய்தாக்கள் கழிந்தவுடன் பெரியவர்கள் அலுத்துப்போய், "எதற்கு அலைச்சல்? கோர்ட்டில் ஒத்துக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிட்டு வந்துவிடச் சொல்லுங்கள், பிறகு தேவைப்பட்டால் மேல் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள்.

இந்த அறிவுரையின் முற்பகுதி சில வேளைகளில் சரியாக இருக்கலாம். பிற்பகுதி பெரும்பாலும் தவறு. ஒத்துக்கொண்டபின் மேல் நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்வதற்கு மிகச் சிறிதளவே எஞ்சியிருக்கும். ஏன் என்பதை விளக்குவதே என் நோக்கம்.

முதலில் மேல்முறையீடு என்பதன் தகுதியை அறிந்துகொள்வோம். விசாரணை நீதிமன்றத்தில் அமர்ந்திருப்பவரும் மனிதரே. அவர் சாட்சியத்தைத் தவறாக எடைபோடலாம், சட்டத்தைத் தவறாகப் பொருத்தலாம். அதனால்தான் நீதித்துறை நடுவர் அளித்த தண்டனையை எதிர்த்து அமர்வு நீதிமன்றத்திற்கும், அமர்வு நீதிமன்றம் அளித்த தண்டனையை எதிர்த்து உயர் நீதிமன்றத்திற்கும் செல்ல வழி வைத்திருக்கிறார்கள். சிறையில் அடைக்கப்பட்ட ஒருவனுக்குத் தீர்ப்பின் நகலை இலவசமாகத் தரவேண்டும் என்றும், மேல்முறையீட்டிற்கு வழக்கறிஞர் வைக்க வசதியில்லாவிடில் அரசே வைத்துத் தரவேண்டும் என்றும் 1978ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஒருவனுடைய சுதந்திரத்தைப் பறிக்கும் தீர்ப்பை ஒரு முறையேனும் மேல்முறையீட்டில் பரிசீலிக்கச் செய்வது, அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு காக்கும் உயிர், உடல் உரிமையோடு சேர்ந்தது என்பது நீதிமன்றங்களின் நிலைப்பாடு. இவ்வளவு மதிப்புள்ள உரிமை இது.

இந்த உரிமையை அமெரிக்காவில் எப்படிக் கைவிடச் செய்கிறார்கள் என்பதைச் சொன்னால், நம் நாட்டு நிலை எளிதாக விளங்கும். அந்நாட்டில் குற்ற வழக்குகள் பெரும்பாலும் விசாரணைக்கே வருவதில்லை. அரசு வழக்கறிஞரும் எதிரியின் வழக்கறிஞரும் பேசி ஓர் ஒப்பந்தத்திற்கு வருவார்கள். எதிரி குற்றத்தை ஒப்புக்கொள்வார். அதற்கு ஈடாகச் சில குற்றச்சாட்டுகள் கைவிடப்படும், அல்லது குறைந்த தண்டனை பரிந்துரைக்கப்படும். அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2012ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றில், கூட்டரசு நீதிமன்றங்களில் குற்றத்தீர்ப்புகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு இவ்வாறு ஒப்புதலால் வருபவை என்று எடுத்துக்காட்டியது. அந்த ஒப்பந்தப் பத்திரத்தில் ஒரு வாசகம் இருக்கும்: விதிக்கப்படும் தண்டனையை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமையை நான் விட்டுக்கொடுக்கிறேன் என்பது அதன் சாரம். தண்டனை இன்னதென்று தெரிவதற்கு முன்னரே அதில் கையொப்பம் இடவேண்டும்! விலை தெரியாமல் வாங்கிய சரக்கைத் திருப்பித் தரமாட்டேன் என்று எழுதிக்கொடுப்பது போன்ற வியாபாரம் இது. அங்குள்ள சட்ட அறிஞர்களிலேயே பலர் இதைக் குறை கூறுகின்றனர். நானும் அவர்கள் பக்கமே.

ஆயினும் அங்கே ஒரு நல்ல அம்சம் உண்டு. கூட்டரசு நீதிமன்ற நடைமுறை விதிகளில் 11ஆவது விதியின்படி, ஒப்புதலை ஏற்பதற்குமுன் நீதிபதி திறந்த நீதிமன்றத்தில் எதிரியை நேருக்கு நேர் பார்த்து, இந்த வாசகத்தின் பொருள் உனக்குப் புரிகிறதா என்று கேட்டாக வேண்டும். 1999ஆம் ஆண்டு முதல் இது விதியிலேயே எழுதப்பட்டுள்ளது. மேலும், 2019ஆம் ஆண்டில் ஐடஹோ மாநிலத்திலிருந்து வந்த ஒரு வழக்கு நாம் அறியவேண்டியது. மேல்முறையீட்டு உரிமையைக் கைவிட்டுக் கையொப்பமிட்ட ஒருவர், பின்னர்த் தம் வழக்கறிஞரிடம் மேல்முறையீடு செய்யச் சொன்னார். கைவிட்டுவிட்டீர்களே, இனி என்ன என்று வழக்கறிஞர் இருந்துவிட்டார், காலக்கெடு கடந்துவிட்டது. எவ்வளவு விரிவாகக் கைவிட்டாலும் எழுப்பத்தக்க சில கேள்விகள் எஞ்சியே இருக்கும். கட்சிக்காரர் சொன்னபின் மனுவைத் தாக்கல் செய்யாதது வழக்கறிஞரின் கடமைத் தவறு. ஆகவே அவருக்கு மேல்முறையீட்டு வாய்ப்பு மீண்டும் கிடைக்கவேண்டும் என்பது அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு.

இனி நம் நாட்டிற்கு வருவோம். இங்கே யாரும் அத்தகைய பத்திரத்தில் உங்களைக் கையொப்பமிடச் சொல்வதில்லை. ஆகையால் மேல்முறையீட்டு உரிமை பத்திரமாக இருக்கிறது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அமெரிக்காவில் எழுத்தால் கைவிடப்படுவதை, இங்கே சட்டமே ஓசையின்றி எடுத்துக்கொள்கிறது. 1973ஆம் ஆண்டுக் குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 375ஆவது பிரிவு அதைச் செய்தது. 2024 ஜூலை 1 முதல் அச்சட்டத்தின் இடத்தில் வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 416ஆவது பிரிவும் அதையே செய்கிறது. ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அந்த ஒப்புதலின் பேரில் குற்றவாளி எனத் தீர்மானிக்கப்பட்டால், அவருக்கு மேல்முறையீடு இல்லை. தண்டனையின் அளவு பற்றியோ, அத்தண்டனை சட்டப்படி சரியா என்பது பற்றியோ மட்டுமே மேல்முறையீடு உண்டு. உயர் நீதிமன்றமே நேரடியாக விசாரித்த வழக்காயின் அதுவும் இல்லை.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கூர்ந்து நோக்க வேண்டும். தீர்ப்பில் இரண்டு பகுதிகள் உள்ளன. 'இவன் குற்றவாளி' என்பது ஒன்று. 'இவனுக்கு இன்ன தண்டனை' என்பது மற்றொன்று. ஒப்புக்கொண்டவன் இரண்டாவதைப் பற்றி மட்டுமே மேலே போய்ப் பேசலாம். சாட்சி பொய் சொன்னான், நான் அந்த இடத்திலேயே இல்லை, என் பெயரைத் தவறாகச் சேர்த்துவிட்டார்கள் என்பதெல்லாம் முதல் பகுதியைச் சேர்ந்தவை. அவற்றைச் சொல்லவேண்டிய இடம் விசாரணை நீதிமன்றம். அங்கே வாய் திறந்து 'ஆம்' என்று சொல்லிவிட்டு, பின்னர் அமர்வு நீதிமன்றத்தில் 'இல்லை' என்றால் காது கொடுத்துக் கேட்க ஆள் இல்லை.

தண்டனை சிறியதுதானே என்று கேட்பீர்கள். நீதிமன்றம் கலையும் வரை சிறை, ஆயிரம் ரூபாய் அபராதம் என்பது போன்ற தண்டனைகள் பெரிதாகத் தோன்றுவதில்லைதான். மாலையில் வீட்டுக்கு வந்து தேநீர் அருந்திவிடலாம். ஆனால் அது குற்றத்தீர்ப்பு, பதிவேட்டில் ஏறிவிடும். அரசுப் பணிக்கு விண்ணப்பிக்கும்போதும், வெளிநாட்டு வேலைக்காகக் காவல்துறையின் நன்னடத்தைச் சான்று கேட்கும்போதும், விசா விண்ணப்பத்தில் 'எப்போதேனும் தண்டிக்கப்பட்டதுண்டா' என்ற கேள்விக்கு விடை எழுதும்போதும் அது எழுந்து வந்து நிற்கும். வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிள்ளைகளை அனுப்பிவைத்தே வாழும் ஊர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒழுக்கக்கேடான குற்றத்திற்காக இரண்டாண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனை பெற்றவருக்கு, அதன்பின் ஐந்தாண்டுகள் வரை கடவுச்சீட்டையே மறுக்கலாம் என்று 1967ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டம் கூறுகிறது. அண்ணன் செய்ததற்குத் தம்பி ஒத்துக்கொள்வதும், முதலாளியின் வண்டிக்கு வேலையாள் ஒத்துக்கொள்வதும் நம்மிடையே தியாகமாகப் பேசப்படுகின்றன. அந்தத் தம்பிக்குப் பத்தாண்டுகள் கழித்து விசா மறுக்கப்படும்போது அண்ணனால் ஒன்றும் செய்ய இயலாது. அது மட்டுமன்று, நீதிமன்றத்தில் பொய் சொன்ன பாவமும் இருவரையும் சேரும்.

இதுவரை சொன்னது சாதாரண ஒப்புதல். இன்னொன்று உண்டு. 'பிளீ பார்கெய்னிங்' எனப்படும் ஒப்புதல் பேரம். இது நம் சட்டத்தில் 2006 ஜூலை 5 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்குமுன் உச்ச நீதிமன்றம் இத்தகைய பேரங்களைக் கண்டித்தே வந்தது. ஏழாண்டுக்கு மேற்படாத சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களுக்கு மட்டுமே இது பொருந்தும். பெண்கள், குழந்தைகள் மீது இழைக்கப்பட்ட குற்றங்களுக்கும், நாட்டின் சமூக பொருளாதார நிலையைப் பாதிக்கும் குற்றங்களுக்கும் பொருந்தாது. அதே குற்றத்திற்காக முன்னரே தண்டிக்கப்பட்டவருக்கும் இல்லை. எதிரியே மனுச் செய்யவேண்டும். புதிய சட்டப்படி குற்றச்சாட்டு வனையப்பட்ட நாளிலிருந்து முப்பது நாட்களுக்குள் செய்யவேண்டும். நீதிபதி மற்றத் தரப்பினரை விலக்கிவைத்து, எதிரியைத் தனியே அழைத்து, தன் விருப்பத்தோடுதான் இதைச் செய்கிறானா என்று விசாரிப்பார். அதன்பின் அரசு வழக்கறிஞர், புலன் விசாரணை அதிகாரி, பாதிக்கப்பட்டவர் ஆகியோர் அமர்ந்து, இழப்பீடு உள்ளிட்ட ஒரு முடிவுக்கு வருவார்கள்.

இதில் கிடைக்கும் சலுகை சிறிதன்று. திருட்டுக் குற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மூன்றாண்டு வரை சிறை விதிக்கலாம். ஒப்புதல் பேரத்தில் அதில் நான்கில் ஒரு பங்கு, அதாவது ஒன்பது மாதம் விதிக்கலாம். முதன்முறைக் குற்றவாளியாயின் புதிய சட்டம் ஆறில் ஒரு பங்கு என்கிறது, அதாவது ஆறு மாதம். ஏற்கெனவே விசாரணைக் கைதியாகச் சிறையில் கழித்த நாட்களும் அதில் கழிக்கப்படும். குறைந்தபட்சத் தண்டனை வகுக்கப்படாத குற்றம் என்பதால் இந்தக் கணக்கு. அவ்வாறு வகுக்கப்பட்ட குற்றங்களுக்குக் கணக்கு வேறு. பேரத்திற்காகச் சொன்ன செய்திகளை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்ற பாதுகாப்பும் உண்டு.

ஆனால் இதற்குக் கொடுக்கும் விலை என்ன? பழைய சட்டத்தின் 265ஜி பிரிவும், புதிய சட்டத்தின் 295ஆவது பிரிவும் அத்தீர்ப்பே இறுதியானது என்கின்றன. சாதாரண ஒப்புதலில் தண்டனையின் அளவைப் பற்றியேனும் மேல்முறையீடு இருந்தது அல்லவா? இங்கே அதுவும் போய்விடுகிறது. உயர் நீதிமன்றத்தில் 226, 227ஆவது பிரிவுகளின்படி நீதிப்பேராணை மனு, உச்ச நீதிமன்றத்தில் 136ஆவது பிரிவின்படி சிறப்பு அனுமதி மனு ஆகியவை மட்டுமே எஞ்சும். இவை நீதிமன்றத்தின் விருப்ப அதிகாரத்தைச் சார்ந்தவை. உரிமையாகக் கேட்டுப் பெறுபவை அல்ல. அவற்றை நடத்த ஆகும் செலவும் ஒரு சாதாரணக் குடும்பத்தால் தாங்க இயலாதது. இவ்விரு ஒப்புதல்களுக்கும் உள்ள இந்த வேறுபாட்டை நீதிமன்ற வளாகத்தில் உலவுபவர்களிலும் பலர் அறியார். 'ஒத்துக்கொள்' என்று ஒருவர் சொன்னால், எந்த ஒப்புதல் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

சொன்ன வாக்குறுதி பின்னர் மீறப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய தீர்ப்பைச் சொல்லுகிறேன். கர்நாடகத்தில் கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக ஒருவர் மீது வழக்கு. அபராதத்தோடு விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் அவர் ஒப்புக்கொண்டார். அவ்வாறே அபராதம் விதிக்கப்பட்டது. மேல் நீதிமன்றம் அது போதாதென்று சிறைத்தண்டனையாக உயர்த்தியது. தண்டனை போதாது என்று அரசு மேலே செல்ல நம் சட்டத்தில் வழி இருக்கிறது என்பதையும் இங்கே நினைவில் வையுங்கள். உச்ச நீதிமன்றத்தில் நீதியரசர் பகவதி அவர்கள் அமர்ந்த அமர்வு, ஒருவனை இலேசான தண்டனை என்று நம்பவைத்து ஒப்புக்கொள்ளச் செய்தபின், அந்த ஒப்புதலைக் கொண்டே கடுந்தண்டனை விதிப்பது 21ஆவது பிரிவுக்கு முரணானது என்று கூறி, குற்றத்தீர்ப்பையே நீக்கி, மீண்டும் முறையாக விசாரிக்குமாறு அனுப்பியது. இது 1982ஆம் ஆண்டின் இறுதியை ஒட்டி வந்து, 1983ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதியில் இடம்பெற்றது. இதற்குமுன் 1980இல் குஜராத்திலிருந்து வந்த உணவுக் கலப்பட வழக்கிலும் இவ்வாறே பேரத்தால் வந்த ஒப்புதல் ஏற்கப்படவில்லை.

ஆக, ஒப்புதல் உண்மையில் ஒப்புதலே அன்று, அச்சுறுத்தியோ ஆசை காட்டியோ புரியாமலோ பெறப்பட்டது என்று நிரூபிக்க முடிந்தால் கதவு முற்றிலும் அடைபட்டுவிடுவதில்லை. ஆனால் அதை நிரூபிப்பது எத்துணைக் கடினம்! 'கேட்டேன், விளங்கிக்கொண்டு ஒப்புக்கொண்டார்' என்று நீதிமன்றப் பதிவு இருக்கும். அதற்கு எதிராக நம்மிடம் இருப்பது நம் வாய்ச்சொல் மட்டுமே.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நம் பிள்ளைகள் இருப்பதால் அந்நாடுகளைப் பற்றியும் இரண்டு வார்த்தை. சட்டத்தின் ஊற்று ஒன்றே. வெள்ளையர் காலத்து 1898ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தின் 412ஆவது பிரிவில் இருந்த அதே கருத்து அங்கும் நிலைத்திருக்கிறது. சிங்கப்பூரின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 375ஆவது பிரிவு. நம் பழைய சட்டத்தின் எண்ணே அங்கும் அமைந்திருப்பது வியப்பு. மலேசியாவில் நடுவர் நீதிமன்றங்களுக்கு அது 305ஆவது பிரிவு. ஒப்புக்கொண்டவருக்குத் தண்டனையின் அளவு, சட்டத்தன்மை ஆகியவை பற்றி மட்டுமே மேல்முறையீடு. இரு நாடுகளிலும் மேல்முறையீட்டு அறிவிப்புக்குக் காலக்கெடு பதினான்கு நாட்கள். ஊரிலிருக்கும் தந்தைக்குச் செய்தி வந்து, யாரைப் பிடிப்பது என்று அவர் தேடி முடிப்பதற்குள் அந்தப் பதினான்கு நாட்கள் ஓடிவிடுகின்றன. சிங்கப்பூர் நீதிமன்றங்களில் ஒப்புக்கொள்பவருக்கு வழக்கின் விவர அறிக்கை ஒன்று வாசிக்கப்படும்; அதில் உள்ளதை நிபந்தனையின்றி ஏற்கவேண்டும். அதன்பின் கருணை வேண்டிப் பேசும்போது, 'நான் தெரிந்து செய்யவில்லை' என்பதுபோலக் குற்றத்தின் அடிப்படையையே மறுக்கும் சொல் வந்துவிட்டால், நீதிபதி அந்த ஒப்புதலை ஏற்காமல் விசாரணைக்கு அனுப்பவேண்டும். மொழிபெயர்ப்பாளர் மூலமாகப் பேசும் நம் பிள்ளைகள், அறிக்கை தமிழில் முழுமையாக வாசிக்கப்படும்வரை 'ஆம்' சொல்லக் கூடாது என்று புறப்படும்போதே சொல்லி அனுப்புங்கள்.

இனி, மார்க்கம் அறிந்த சபையில் ஒரு கேள்வி எழுவது இயல்பு. உண்மை பேசுவது முஃமினின் அடையாளம் அல்லவா? குற்றம் செய்தவன் ஒப்புக்கொள்வதுதானே தக்வா? அதை நீர் தடுக்கிறீரா என்று ஹஜ்ரத் அவர்கள் என்னைக் கேட்கலாம். உலமாப் பெருமக்கள் முன்னிலையில் மார்க்கச் சட்டம் பேச எனக்குத் தகுதியில்லை, அவர்களிடமிருந்து கேட்டறிந்ததையே திருப்பிச் சொல்கிறேன், பிழையிருப்பின் திருத்துவார்களாக.

மாஇஸ் இப்னு மாலிக் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியை நீங்கள் அறிவீர்கள். தாமாகவே வந்து, தாம் செய்த பாவத்தை நபிகளார் (ஸல்) அவர்களிடம் ஒப்புக்கொண்டார். நபிகளார் அந்த ஒப்புதலை உடனே பற்றிக்கொள்ளவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் மறுபக்கமாக வந்து மீண்டும் சொன்னார்; மீண்டும் திருப்பிக்கொண்டார்கள். நான்கு முறை ஆனபின், இவருக்குச் சித்தம் சரியாக உள்ளதா என்று விசாரித்தார்கள். மது அருந்தியிருக்கிறாரா என்று பார்க்கச் செய்தார்கள். நீர் முத்தமிட்டிருப்பீர், அல்லது பார்த்திருப்பீர், அவ்வளவுதானோ என்று விலகிச் செல்ல வழியும் காட்டினார்கள். தண்டனை நிறைவேறும்போது அவர் வலி தாளாமல் ஓடினார். மக்கள் விரட்டிச் சென்று முடித்துவிட்டனர். அதைக் கேள்வியுற்றபோது, அவரை விட்டிருக்கலாகாதா என்று நபிகளார் கேட்டதாக அபூதாவூத், திர்மிதீ நூல்களில் வருகிறது.

இதிலிருந்து ஃபிக்ஹு அறிஞர்கள் ஒரு சட்டம் வகுத்தார்கள். ஹத்து எனும் தண்டனைகளில், தன் ஒப்புதலால் மட்டுமே குற்றவாளியானவன், பின்னர் அதிலிருந்து பின்வாங்கினால், அந்தப் பின்வாங்கல் ஏற்கப்படும், தண்டனை நீங்கிவிடும். நம் கடற்கரை ஊர்களில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபிலும், உள்நாட்டு ஊர்களின் ஹனஃபீ மத்ஹபிலும் இதுவே நிலைபெற்ற கருத்து. ஒப்புதல் கதவை ஒரே அடியாக அடைத்துவிடுவதில்லை. ஆனால் மனிதர்களின் உரிமையில் இந்தச் சலுகை கிடையாது. திருடியதாக ஒப்புக்கொண்டு பின்னர் மறுத்தால் கைக்குரிய தண்டனை நீங்கும்; பொருளுக்கு உரியவனுக்குப் பொருளைத் தரும் கடமை நீங்காது. இந்தப் பகுப்பு எவ்வளவு நுட்பமானது என்று எண்ணிப் பாருங்கள். பாதிக்கப்பட்டவனுக்குச் சேரவேண்டியதைச் சேர்ப்பது வேறு. தண்டனையை ஏற்பது வேறு. நம்மவர்கள் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்கின்றனர். இழப்பீடு கொடுக்காமல் வழக்கை இழுத்தடிப்பவருக்கு என் பேச்சில் எந்த ஆதரவும் இல்லை.

உமர் (ரலி) அவர்கள் நீதிபதியாக நியமித்த அபூமூஸா (ரலி) அவர்களுக்கு எழுதியதாக அறிவிக்கப்படும் மடலிலும், நேற்று அளித்த தீர்ப்பு தவறென்று இன்று தெரிந்தால் உண்மையின் பக்கம் திரும்புவதற்கு நேற்றைய தீர்ப்பு தடையாகக் கூடாது என்ற அறிவுரை உள்ளது. நீதிபதிக்கே அப்படியென்றால், ஒப்புக்கொண்டவனுக்கு மட்டும் திரும்பும் வழி எதற்காக அடைபட வேண்டும்?

ஆகவே குற்றம் செய்தவன் மறுக்கவேண்டும் என்பது என் வாதம் அன்று. உண்மையிலேயே செய்தவன், வருந்துபவன், பாதிக்கப்பட்டவருக்கு ஈடு செய்ய முன்வருபவன் ஒப்புக்கொள்ளட்டும். அவனுக்கு ஒப்புதல் பேரமும் சிறந்த வழியாகலாம். அவன் தன் வழக்கறிஞரோடு அமர்ந்து, என்ன பிரிவு, அதிகபட்சத் தண்டனை எவ்வளவு, எது கைவிடப்படுகிறது என்று அறிந்து செய்யட்டும். அவனுக்காக 1958ஆம் ஆண்டு நன்னடத்தைக் குற்றவாளிகள் சட்டத்தையும் கேட்டுப் பார்க்க வேண்டும். பலவகைக் குற்றங்களில் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தை உறுதியின் பேரில் விடுவிக்கலாம். இருபத்தொரு வயது நிறையாதவராயின் சிறைக்கு அனுப்புவதற்கு நீதிமன்றமே காரணம் எழுதவேண்டும். அச்சட்டத்தின்கீழ் விடுவிக்கப்பட்டவருக்குக் குற்றத்தீர்ப்பால் வரும் தகுதியிழப்பும் இல்லை என்று 12ஆவது பிரிவு கூறுகிறது. சாதாரண ஒப்புதல் செய்தவன், தண்டனை அளவு பற்றிய மேல்முறையீட்டிலும் இதைக் கேட்கலாம். இவ்வளவு பயனுள்ள சட்டத்தை நம் மஹல்லாக்களில் யாரும் பெயர் சொல்லிக்கூடக் கேட்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

ஆனால் செய்யாத ஒன்றை, வாய்தாவுக்கு அலைய முடியவில்லை என்பதற்காகவோ, நாளை விமானம் ஏறவேண்டும் என்பதற்காகவோ, ஜமாஅத்தின் பெயர் கெடுகிறது என்பதற்காகவோ ஒப்புக்கொள்ளச் சொல்ல நமக்கு உரிமையில்லை. அலுவலகத்திற்கு வரும் தந்தையிடம் முதலில் குற்றப்பத்திரிகையின் நகலைக் கேளுங்கள். பையனைத் தனியே அழைத்து, நடந்தது என்ன என்று கேளுங்கள். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாவிடில், மாவட்ட நீதிமன்ற வளாகங்களில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்புங்கள். காவலில் இருப்பவர்கள், பெண்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்தாலும் வழி சொல்வார்கள். இந்த எண்ணை மஸ்ஜிதின் அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்குமாறு செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஏற்கெனவே ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர் எவரேனும் இருந்தால், நாள் கணக்கைப் பாருங்கள். நடுவர் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து அமர்வு நீதிமன்றம் செல்ல முப்பது நாட்கள். உயர் நீதிமன்றம் செல்ல அறுபது நாட்கள். தீர்ப்பு நகல் பெறுவதற்குச் செலவான நாட்கள் இக்கணக்கில் சேரா. சிறையில் இருப்பவர் சிறை அதிகாரியிடமே மேல்முறையீட்டு மனுவைக் கொடுக்கலாம். அவர் அதை நீதிமன்றத்திற்கு அனுப்பிவைக்க வேண்டும். காலம் கடந்திருந்தாலும் தக்க காரணம் காட்டித் தாமதத்தை மன்னிக்குமாறு மனுச் செய்யலாம். அத்தகையோர் தீர்ப்பு நகலோடு, கூட்டம் முடிந்தபின் என்னைச் சந்தித்தால் இயன்றதைச் சொல்லுகிறேன், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.